விலைபோகாதவர்கள்

அவையில் ஆளே இல்லை. ஆனால் உப்புக்கழிவு மசோதா முதல் வாக்கெடுப்பில் நிறைவேறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இருக்கையிலும் சொம்பு உயரத்துக்கு ஒரு பதிலிக் கருவி. ஆதரவு என்றால் பச்சை விளக்கு, எதிர்ப்பு என்றால் சிவப்பு. ஆளும் கட்சி வரிசை முழுக்கப் பச்சை. அதில் ஒன்று ஆழித்துறைத் தொகுதி உறுப்பினர் ஜெசிந்தா மச்சாதுவின் இருக்கையில் எரிந்தது.

ஜெசிந்தா அப்போது ஆழித்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். பெண்ணின் சித்தப்பா கைப்பேசியை அவர் இலைக்கு மேலே நீட்டினார்.

“நீங்களே ஆமான்னு சொல்லிட்டீங்களேம்மா? கடல்தண்ணியக் குடிதண்ணியாக்குற ஆலையோட உப்புக்கழிவெல்லாம் நம்ம குடாவுலதான வந்து விழும்? மீனு நிக்குமா?”

“நான் சொல்லலண்ணே. பதிலி சொல்லியிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

ஜெசிந்தா இலையை மூடிவிட்டு எழுந்தார்.

கீழைக்கடல் குடியரசுக்குப் பதிலி வந்த கதை சிரிப்பாய்ச் சிரித்த கதை. முன்பு நம்பிக்கை வாக்கெடுப்பு என்றால் அதிபர் பரிதிவாணன் தன் கட்சி உறுப்பினர்களைப் பேருந்தில் அள்ளிக்கொண்டு போய் ஒரு கடற்கரை விடுதியில் அடைப்பார். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு மூன்று வேளையும் கறிச்சோறு போட்டு, வாசலில் ஆள் நிறுத்துவார். எதிர்க்கட்சிக்கு அவர் பயந்ததே கிடையாது. சொந்தக் கட்சிக்காரனை நினைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தத் தொல்லையைப் பதிலி தீர்த்தது. உறுப்பினர் அவையில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் படித்து, எந்த விஷயத்தில் அவர் என்ன முடிவெடுப்பார் என்று கணித்து, அவர் குரலிலேயே பேசி வாக்களிக்கும் கருவி அது. அதற்குப் பெட்டி கொடுக்க முடியாது, மந்திரி பதவி என்று ஆசை காட்டவும் முடியாது. உறுப்பினர்களுக்கும் பரம சந்தோஷம். அவைக்குப் போகாமலே சம்பளம், தொகுதியில் காதுகுத்துக்கும் கடைதிறப்புக்கும் நாள் முழுக்க நேரம். பதிலிச் சட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் அதிபர் அழுத்தமாகச் சேர்த்தார். பதிலிக்கு மாறாக ஒருவர் நேரில் வந்து வாக்களித்தால், அவர் விலைபோய்விட்டார் என்று பொருள். அவர் பதவி போகும், மிச்சக் காலத்துக்குப் பதிலியே உறுப்பினர். அன்று மேசையைப் பலமாகத் தட்டியவர்களில் ஜெசிந்தாவும் ஒருவர்.

இறுதி வாக்கெடுப்புக்கு முன்பு இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு ஜெசிந்தா அதிபரைப் பார்க்கப் போனார். எல்லாம் கரையோரத் தொகுதிக்காரர்கள். வண்டியில் வரும்போது அதிபரைக் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள், அறைக்குள் நுழைந்ததும் தரையைப் பார்த்தார்கள்.

“தலைவரே, ஆலை வேண்டாம்னு சொல்லல. கழிவ ஆழ்கடலுக்குக் கொண்டுபோங்க. குடாவுல விட்டா எங்க சனம் பொழைக்க முடியாது.”

“குழாயை அவ்வளவு தூரம் போட நேரமில்லம்மா. எலெக்‌ஷனுக்கு முன்ன தலைநகருக்குத் தண்ணி வந்தாகணும்.” அதிபர் சிரித்தார். “உங்க பதிலியே ஆதரிக்குதே. அதவிடவா உங்க மனசு உங்களுக்குத் தெரியும்?”

“அது நான் இல்லய்யா.”

அதிபர் கண்ணைக் காட்டினார். வாக்குகளுக்குப் பொறுப்பான கட்சிக் கொறடா சங்கிலிமுத்து, ஜெசிந்தாவின் பதிலியை அவையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

“ஆழித்துறைக் குடாவைப் பத்தி என்ன நெனைக்கிற?” என்று ஜெசிந்தா அதனிடம் கேட்டார்.

அவர் குரலிலேயே அது ஆரம்பித்தது. “எடுத்த முடிவில் பின்வாங்கா எஃகு நெஞ்சரே, தாகம் தீர்த்த தண்ணொளியே, எதிரிகளுக்கு இடியே, ஏழைகளுக்கு மடியே, எங்கள் குலம் காக்கும் கோவே…” மூச்சு வாங்காமல் அது அடுக்கிக்கொண்டே போனது. பிறகு சட்டென்று, “என் தொகுதியைப் பொறுத்தவரை,” என்று சொல்லி நின்றுவிட்டது.

“அப்புறம்? சொல்லு!”

“நேரம் முடிந்ததால் அமர்கிறேன். நன்றி, வணக்கம்.”

யாரோ பின்னால் இருமினார்கள். ஜெசிந்தாவுக்கு முகம் எரிந்தது. பதிலி வருமுன் அவையில் ஓர் உறுப்பினருக்குப் பேச மூன்று நிமிடம். தலைவரை வாழ்த்தாமல் தொடங்கினால் கட்சியில் வாழ முடியாது, ஒருவரைவிட ஒருவர் நீளமாக வாழ்த்தாவிட்டால் அடுத்த தேர்தலில் இடம் கிடைக்காது. குடாவைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு முறையும் தயாராகித்தான் போனார். ஒவ்வொரு முறையும் வாழ்த்து முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. பதிலிக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த வாழ்த்து மட்டும்தான். பொய் சொல்லாத கருவி அது, கேட்டதைத்தான் சொன்னது.

இறுதி வாக்கெடுப்பு நாளில் நேரில் வருவதாக இருபது பேரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். அவைக்கு வந்தது ஜெசிந்தா மட்டும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வண்டி பழுது, மற்றவர்கள் காரணம் சொல்லவும் மெனக்கெடவில்லை. அவர் தன் கையால் சிவப்பை அழுத்தினார். விலைபோனவர் என்று அறிவிக்கப்பட்டு வெளியேறும்போது, அவருடைய பதிலி அவருடைய இருக்கையிலேயே இருந்தது.

குடா செத்துப்போக அதிக காலம் ஆகவில்லை. படகுகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஆட்கள் கிளம்பினார்கள். ஜெசிந்தாவைத் தெருவில் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் எதிர்த்து வாக்களித்ததை யாரும் நம்பவில்லை. தினமும் அவையில் அவர் குரல் அதிபரை வாழ்த்துவதைத்தான் வானொலியில் கேட்டார்களே!

அதற்குள் கழிவு நீரோட்டத்தில் சுற்றி வந்து, ஆலை தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கே சேர்ந்துவிட்டது. தலைநகரின் குழாய்களில் கரித்தது. அதிபர் மாளிகைத் தேநீரும் கரித்தது. உப்புக்கழிவுச் சட்டத்தைத் திரும்பப் பெற்றே ஆகவேண்டும் என்று பரிதிவாணனுக்குப் புரிந்தது. கட்சி உறுப்பினர்களை நேரில் வந்து வாக்களிக்கச் சொல்லி அவரே கூப்பிட்டுப் பேசினார். “பதவி போயிருமே தலைவரே,” என்று அவர்கள் பணிவாகச் சொன்னார்கள். கடைசியில் ஜெசிந்தாவை அழைத்தார்.

“நீ மாடத்துல வந்து ஒக்காரும்மா. உன்னப் பாத்தாவது நாலு பேருக்குச் சொரண வரும்.”

ஜெசிந்தா போனார், அதிபருக்காக அல்ல. சட்டம் போனால் குடாவில் என்றைக்காவது மீன் திரும்பும் என்ற நப்பாசை. பார்வையாளர் மாடத்தில் அவரைத் தவிர யாருமில்லை. கீழே அதிபர் எழுந்து, விளக்குகளைப் பார்த்துப் பேசினார். வியர்த்திருந்தது அவருக்கு.

“இந்தச் சட்டம் தப்பு. அவசரப்பட்டு எடுத்த முடிவு. அதைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

பிறகு ஆழித்துறை இருக்கையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் எழுந்தது.

“அவைத்தலைவர் அவர்களே, எங்கள் தலைவர் எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்ல இவர் யார்? எங்கள் அதிபர் பின்வாங்காதவர். பின்வாங்கும் இவர் விலைபோனவர். இவரை வெளியேற்றத் தீர்மானம் கொண்டுவருகிறேன்.”

ஆளும் கட்சி வரிசை மொத்தமும் பச்சையானது. அவைக் காவலர்கள் இருவர் தயங்கித் தயங்கி அதிபருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

பரிதிவாணன் மாடத்தை அண்ணாந்து பார்த்தார். “ஜெசிந்தா, அத நிறுத்தச் சொல்லும்மா. உன் கொரல்தான!”

ஜெசிந்தா எழுந்து, மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார். “அவரு சொல்றது உண்ம! எங்க குடா செத்துப்போச்சு!” இத்தனை வருடத்தில் அவையில் அவர் தன் தொகுதியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் முறை.

கீழே அவருடைய குரல் வாழ்த்தை ஆரம்பித்திருந்தது. அதன் ஒலிபெருக்கியின் முன்னால் இவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.