ஃப்யூஸைப் பிடுங்குங்க ஐசக்!

செல்போன் மறுபடியும் அலறியது.

மெஹ்னாஸ் எடுக்கவில்லை. காலையிலிருந்து எல்லா ஆண் குரல்களும் கேட்டது ஒரே கேள்விதான்... "ரேட் எவ்ளோ?"

ஆர்க்குட் இணையதளத்தில் எவனோ அவள் பெயரில் ஒரு பக்கம் திறந்திருந்தான். அவள் போட்டோ, செல் நம்பர், கீழே எழுதக் கூசும் வார்த்தைகள்... தூ!

அவள் செய்த குற்றம்? மாலைப் பத்திரிகை நிருபர். சிட்லபாக்கத்தில் ஏரியை மனை போட்டு விற்றதைப் பற்றி எழுதினாள். நாளை இரண்டாம் பகுதி. மனை வாங்கியவர்களின் பெயர்களோடு!

"நாறப் பசங்க மேடம்!" என்றார் சாம்பசிவன். அவளுடைய காலனியின் சங்கச் செயலாளர். தாம்பரம் போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணையாக வந்தவர். "இவ எங்க பொண்ணு மாதிரி. பேசாம நிறுத்திடும்மான்னா கேக்க மாட்டேங்கறா!"

இன்ஸ்பெக்டர் ரத்தினபாய் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாட்டில் வந்திருந்த கடைசி மிரட்டலைப் படித்தார்.

'நாளைக்குக் கட்டுரை வந்தா, உன் பொண்ணு இரம் படிக்கிற ஸ்கூலையும் போடுவேன். இன்னிக்கு மஞ்சள் குடை... அழகு!'

ரத்தினபாய் நிமிர்ந்தார். சின்னக் குழந்தையையா?

"குடை எப்ப வாங்கினீங்க?"

"நேத்து, மேடம். இன்னிக்குத்தான் முதல்ல பிடிச்சா. வேன் ஏறும்போது நானே திரும்ப வாங்கிட்டேன். காலனி கேட்டைத் தாண்டவே இல்ல..."

"அப்ப அவன் காலனிக்காரன்! எத்தனை தெரு?"

"மூணு."

அன்று மாலை. காலனி டிரான்ஸ்பார்மர் ஓரம் ஜீப். மெஹ்னாஸின் மடியில் லேப்டாப். சாட்டில் அவன் பெயரருகே பச்சைப் புள்ளி... ஆன்லைனில் இருக்கிறான்.

"கெஞ்சுங்க. பேச்சு நிக்கக் கூடாது," என்றார் ரத்தினபாய். "ஐசக், முதல் தெரு!"

லைன்மேன் ஐசக் ஃப்யூஸைப் பிடுங்கினார். புள்ளி எரிந்தது.

இரண்டாவது தெரு. 'கால்ல விழு' என்று வந்தது. எரிந்தது!

மூன்றாவது...

அணைந்தது!

"மேடம்... அது எங்க தெரு!"

புழுக்கம் தாங்காமல் வாசல்தோறும் தலைகள் முளைத்தன. "உங்க வீட்லயும் போச்சா?"

ஐசக்கின் செல் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்ப்பா, அவசரமா டைப் பண்ணிட்டிருக்கேன், பாதியில நிக்குது! சங்கச் செயலாளர்னா ஒரு மரியாதை வேணாம்?"

ஐசக் வாய் பிளந்தார். "இன்னா மேடம்... நம்ம சாம்பசிவன் சாரு!"

மெஹ்னாஸ் உறைந்தாள். நேற்றுதான் இரமுக்கு சாக்லேட் கொடுத்த கை!

"இதோ வந்துடும்னு சொல்லுங்க," என்றார் ரத்தினபாய்.

கரண்ட் வந்தது. பச்சைப் புள்ளியும் வந்தது. கரண்ட் போனதும் வாசலுக்கு வந்துவிட்டுத் திரும்பிய சாம்பசிவன் கதவைத் தாழிட மறந்திருந்தார். ரத்தினபாய் சத்தமில்லாமல் நுழைந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தார்.

'நாளைக்கு ஸ்கூல் வாசல்ல...'

"முடிச்சுடுங்க சார், நிறுத்திட்டீங்களே!"

சாம்பசிவன் துள்ளி எழுந்தார். முகம் வெளுத்தது.

"மேடம்... ஏரியில எனக்கும் ஒரு மனை... பேர் வந்துடுமேன்னு..."

"நாளைக்கு வர்றதுல உங்க பேரே இல்ல, அங்கிள்," என்றாள் மெஹ்னாஸ். "எனக்குத் தெரியவே தெரியாது. இப்ப முதல் பக்கத்துல வரும்!"

கையில் விலங்கு விழுந்தது... கிளிக்!

வாசலில் நின்ற ஐசக் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஒரு யூ.பி.எஸ். வாங்கி வெச்சிகினு இருக்கலாம்ல சார்? இதுல போய் இன்னா கஞ்சத்தனம்!"