திறக்காத வெள்ளிப் பூட்டு

ஆர்.எஸ்.புரத்துப் பழைய பங்களாவின் முன் லாரி நின்றபோது நல்ல வெயில். ஆனால் ஹாலுக்குள் விளக்குப் போடாமல் எதுவும் தெரியவில்லை. அடைத்துக் கிடந்த ஜன்னல்கள், பூஞ்சை வாடை, அதற்கடியில் பழைய மருந்து வாடை.

பிரவின்குமார் வெல்டிங் வேலைக்காரன். பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் ஆர்டர் இல்லாததால், வீடு காலி செய்து தரும் ஆட்களோடு சுமை தூக்க வந்திருந்தான். வீட்டில் இருந்தால் மகளின் இருமலைக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும். யுவஸ்ரீக்கு ஆறு வயது. நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மூன்று வறட்டு இருமல், அப்புறம் நீளமாக ஒரு இழுப்பு. அந்த இழுப்பு முடிகிறவரை அவனும் மூச்சை விடமாட்டான்.

தெலுங்கு பேசும் அந்தக் குடும்பத்து மருமகள் சைத்ரா கண்ணாடி அலமாரிச் சாமான்களைத் தானே காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். மில் வைத்திருந்த மாமனார், மிஷின் வாங்கச் சீனாவுக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்தவை.

"இதென்னங்கம்மா, வௌவாலைப் போயி படமா வெட்டி வெச்சிருக்கறாங்க?" சிவப்புக் காகிதத்தில் கத்தரித்த உருவத்தைக் கையில் எடுத்துக் கேட்டான்.

"அவிய ஊர்ல வௌவாலுன்னா பாக்கியமுங்க. இந்த ஜாடியில இருக்கற பீச்சுப் பழம் நீண்ட ஆயுசு. இந்த மர வாத்துச் சோடி, புருசன் பொண்டாட்டி பிரியக்கூடாதுன்னு." அவள் வறட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "எங்கூட்டுக்காரரு பிரிஞ்சு போயி வருசமாச்சு. வாத்து மட்டும் ஒண்ணா இருக்குதுங்க."

அலமாரியின் கடைசித் தட்டில் உள்ளங்கையளவு வெள்ளிப் பூட்டு ஒன்று கிடந்தது. அடியில் குட்டிக் குட்டி மணிகள். பூட்டியே இருந்தது. அதில் கோத்த சங்கிலிதான் அறுந்திருந்தது.

"இது?"

அவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"கொழந்தை கழுத்துல போட்டுப் பூட்டறது. பூட்டீட்டா உசுரு வெளிய போகாதும்பாங்க. எம்மக ஹர்ஷிணி போட்டிருந்தா."

"பாப்பா எங்கீங்க இப்ப?"

"இல்லீங்க."

பூட்டைக் கீழே வைக்க அவனுக்குக் கை வரவில்லை. மகளைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சைத்ரா பூட்டை அவன் கைக்குள்ளேயே வைத்து மூடினாள். "எடுத்துக்குங்க. சாவி ஏதோ பெட்டிக்குள்ள போயிருச்சு. தேடிக் கொண்டாந்து தாரேன். அதுவரைக்கும் பொறுங்க."

அவனால் பொறுக்க முடியவில்லை. யுவஸ்ரீ அன்று விடியும்போதே நீலம் பாரித்திருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறையில் இறங்கி, அறுந்த சங்கிலியைப் பற்றவைத்தான். வீட்டுக்கு வந்து மகளின் தலைவழியாக மாட்டினான்.

இருமல் நின்றது.

அவன் மனைவி பொற்கொடி மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். மூச்சு சீராக ஓடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் மணிகள் கிணுகிணுத்தன. அவள் புருசனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சிறுமி எழுந்து உட்கார்ந்தாள். வலதுகைக்காரி, தட்டில் இடதுகையை வைத்தாள். பொற்கொடி ஊட்டப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா எக்கட?" என்றாள்.

தெலுங்கு. அம்மா எங்கே என்று கேட்கிறாள்.

"நாந்தான் கண்ணு அம்மா."

சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முன்பின் அறியாத வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை.

அப்போதுதான் அது கேட்டது.

மூன்று வறட்டு இருமல். ஒரு இழுப்பு.

வாசலுக்கு வெளியே.

பிரவின்குமார் கதவைத் திறந்தான். வெறும் தெரு. உச்சி வெயில். கதவைச் சாத்தியதும் கீழ்ப்பக்கம், ஒரு குழந்தைக்கு எட்டும் உயரத்தில், நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"அப்பா. தொறங்கப்பா."

திறந்தால் யாருமில்லை. சாத்தினால் இருமல். எத்தனை தடவை திறந்தான் என்று அவனுக்கே தெரியாது. பொற்கொடி கதவோடு ஒட்டிக்கொண்டு, "உள்ள வாடா கண்ணு, உள்ள வாடா" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது சைத்ரா வீட்டை விசாரித்துக்கொண்டு சாவியோடு வந்தாள். கட்டிலில் இருந்தவள் குதித்து ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

சைத்ராவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "பூட்டைத் தொறந்து போட்டீங்களா?"

"சாவி இல்லீங்களே. சங்கிலியப் பத்தவெச்சு மாட்டிப்போட்டேன்."

"ஐயோ, அது எம்மக கழுத்துல பூட்டுனதுங்க." அவள் குரல் இறங்கியது. "மயானத்துக்குக் கொண்டுபோறப்ப அரைஞாண் கயிறு அறுக்கற மாதிரி சங்கிலிய அறுத்தாங்க. பூட்டை யாரும் தொறக்கல. அவ உசுரு இன்னும் அதுக்குள்ளதான் இருக்குது."

வாசலில் இருமல் கேட்டது. மூவரும் கேட்டார்கள்.

"அதுதான் எம்புள்ள" என்றான் பிரவின்குமார். "சாவியத் தாங்கம்மா."

சைத்ரா விரல்களை மூடிக்கொண்டாள். "தொறந்தா இவ போயிருவா."

"என்ற புள்ள வெளிய நிக்கறா."

"ஒருக்காப் பறிகுடுத்துட்டனுங்க. மறுக்கா ஆகாதுங்க." சொல்லிக்கொண்டே சாவியை வாய்க்குள் போட்டாள். தொண்டையில் அது இறங்கியது வெளியே தெரிந்தது.

வெளியே இருமல் தளர்ந்துவிட்டது. இழுப்பு மட்டும் நீண்டுகொண்டே போனது.

பொற்கொடிதான் பரணிலிருந்து இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்துக் கொடுத்தாள். "அறுங்க. சங்கிலிய இல்ல. பூட்டை."

"அறுத்தா நம்ம புள்ளையும்..."

"நம்ம மடியில போகட்டுமுங்க. தெருவுல வேண்டாம்."

சைத்ராவைப் பொற்கொடி சுவரோடு அழுத்திப் பிடித்தாள். அவன் சிறுமியை மடியில் கிடத்தினான். மகளின் கண்கள். உள்ளிருந்து பார்த்தது வேறு யாரோ.

"ஒத்து மாமா" என்றாள் அவள். வேண்டாம் என்று. சின்னக் குரல். அவளும் குழந்தைதான்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான்.

பூட்டு இரண்டாகத் தரையில் விழுந்தது. உடம்பு துவண்டது. மணிகள் அடங்கின. வீட்டில் மூச்சுச் சத்தமே இல்லை.

பிறகு, மடியில், ஒரு வறட்டு இருமல். இரண்டு. மூன்று. ஒரு இழுப்பு.

"அப்பா."

அதைவிட நல்ல சத்தம் அவன் ஆயுளில் கேட்டதில்லை. அந்த நெஞ்சு இனி எத்தனை நேரம் இழுக்கும் என்று தெரியாது. இனிப் பூட்டவும் பூட்டு இல்லை. பொற்கொடி ஓடிவந்து மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். விட்ட இடத்திலேயே சைத்ரா சரிந்து கிடந்தாள்.

யுவஸ்ரீ அம்மாவின் தோளுக்குமேல் வாசலையே பார்த்தாள்.

"கதவைத் தொறங்கம்மா" என்றாள் மெல்ல. "அந்த அக்கா அழுவுது."

தரையில் இரண்டாய்க் கிடந்த பூட்டு அசையவில்லை.

மணிகள் கதவுக்கு வெளியே கிணுகிணுத்தன.