கண்ணாடிப் பெட்டியில் நான்கு புத்தகங்கள்

காலை 11.10. கண்ணாடிப் பெட்டியில் ஐந்து புத்தகங்கள் இருந்திருக்க வேண்டும். நான்குதான் இருந்தன.

கனடாவில், மனிடோபா மாநிலத்தின் அந்தச் சின்னப் பல்கலைக்கழகம், தன் ஆசிரியர்களின் சாதனைகளை வருடத்துக்கொரு முறை கேக் வெட்டிக் கொண்டாடும். விதி ஒன்றுதான். பன்னிரண்டு மணிக்கு டீன் வரும்போது அச்சுப் பிரதி பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இந்த வருடச் சாதனையே அல்ல.

காணாமல் போனது மார்லிஸ் பென்னரின் முதல் புத்தகம். வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைவதைப் பற்றியது. பனிப்புயலில் தபால் தாமதமாகி, ஒரே பிரதிதான் வந்திருந்தது. ஒன்பது வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர் அவள். இது சாதனைப் பட்டியலில் ஏறாவிட்டால் ஜூன் மாதத்தோடு வேலை போய்விடும்.

11.25. வளாகக் காவலர் ஜெரால்டின் ஃப்ளெட் வந்தார். பெட்டிச் சாவி இருவரிடம் இருந்தது: நூலகர் ராய் டிக், துறைத்தலைவர் ஐனார் ஹால்டர்சன்.

“யாராவது வெளியே போனாங்களா?”

“மைனஸ் முப்பதுல எவன் போவான்? போனா மூக்கு மட்டும்தான் திரும்பி வரும்” என்றார் ராய்.

“நீங்க, ஹால்டர்சன்?”

“பத்து மணியிலேர்ந்து இங்கேயேதான். என்னையா கேக்கறீங்க? ஆத்தைப் பத்தின என் இருபது வருஷக் குறிப்பு நோட்டையெல்லாம் மார்லிஸுக்குத் தூக்கிக் குடுத்தவன் நான்!”

“உண்மைதான்” என்றாள் மார்லிஸ்.

ஜெரால்டின் மிச்சமிருந்த நான்கையும் புரட்டினார். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கங்களில் ஓர் ஊதாக் கறை. காலையில் வெட்டிய கேக்கில் இருந்த சாஸ்கட்டூன் என்ற ஊதாப் பழத்தின் கறை. மூவரின் விரல்களையும் பார்த்தார். மூன்று பேர் விரலும் ஊதா. போச்சுடா!

“ராய், கடைசில இருக்கிறது என்ன பட்டியல்?”

“உள்ளே யார் யார் பேர் வருதுன்னு பட்டியல். இங்க வாத்தியாருங்க புத்தகத்தை அங்கேர்ந்துதான் திறப்பாங்க. சொந்தப் பேரைத் தேடி!”

ராய் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

11.48. ஜெரால்டின் நான்கையும் மேஜையில் விரித்து வைத்தார்.

“யார் விரல்னு பார்த்தோம், கறை எந்தப் பேர் மேலன்னு பார்க்கல. நாலுலயும் ஒரே பேர் மேல. பேர் இருந்த நாலும் பெட்டிக்குத் திரும்பிடுச்சு. ஐந்தாவதுல உங்க பேர் இல்ல. அப்படித்தானே, ஹால்டர்சன்?”

ஹால்டர்சன் கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார்.

“இருபது வருஷம்... ஆத்தங்கரையில நின்னு விரல் விறைச்சவன் நான். ஒரு வரியில கூட என் பேர் இல்லையே, மார்லிஸ்?”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“முதல் பக்கத்தைத் திறங்க.”

திறந்தார். வெள்ளைத் தாளின் நடுவே இரண்டே வரி: ‘ஐனார் ஹால்டர்சனுக்கு. பனி உடையும் சத்தத்தைக் கேட்கக் கற்றுத்தந்தவர்.’

“சமர்ப்பணப் பக்கத்தைப் பேர்ப் பட்டியல்ல சேர்க்க மாட்டாங்க, ஐனார். உங்களுக்குத் தெரியாததா?”

ஹால்டர்சன் கைக்குட்டையால் விரல்களை அழுந்தத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தன் கையாலேயே பெட்டியின் நடுவில், அந்தப் பக்கம் தெரியும்படி விரித்து வைத்தார். பெட்டியைப் பூட்டினார்.

டீன் வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டபோது, பெட்டியில் ஐந்து புத்தகங்கள் இருந்தன.