திருப்பிச் சொல்லாத பெயர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில், எங்கள் கால்வே கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஊர்க் குடும்பங்களின் முன்னோர் பெயர்களைத் தேடி எழுதிவைக்கும் எங்கள் ஊர் வம்சாவளிச் சங்கத்தில் ஊனா என்றொருத்தி இருந்தாள். தேய்ந்துபோன கல்லறை எழுத்துகளை வாசிப்பதில் கெட்டிக்காரி. கல்லுக்குப் பக்கவாட்டில் கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பிவிடுவாள். நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி நிற்கும். ஒருவர் கல்லில் உள்ள பெயரை வாசித்ததும், உடன் வந்தவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எழுதுவார்கள். சங்கத்து வழக்கம் அது.

அன்று அவளோடு வந்தவன் கோல்மன் கேனவன், சின்ன வயதுச் சிநேகிதன். மறுநாள் அவன் பேத்திக்கு ஞானஸ்நானம். அதற்குள் தன் வம்ச மரத்தை எழுதிச் சட்டம் போட்டு மாட்டிவிடத் துடித்தான்.

"ஃபெஸ்டி கேனவன்," வாசித்தாள் ஊனா.

"ஃபெஸ்டி கேனவன்! என் கொள்ளுத்தாத்தா. எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்த மூக்குதானே உன் மூஞ்சில வந்து உக்காந்திருக்கு."

சுவரோரம் ஒரு சின்னக் கல். ஊனா கண்ணாடியைத் திருப்பினாள்.

"சபீனா கேனவன்."

கோல்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தான்.

சபீனா, ஃபெஸ்டியின் தங்கை. பெரும்பஞ்சத்தில், உடம்பெல்லாம் காய்ச்சலோடு, பிறந்த வீட்டுக் கதவைத் தட்டியவள். நோய் தொற்றிவிடும் என்று பயந்த அண்ணன், 'யாரு நீ? எனக்குத் தெரியாது' என்று கதவைச் சாத்திவிட்டான். விடிந்தபோது வாசற்படியில் செத்துக் கிடந்தாள். ஊரார்தான் அந்தக் கல்லை நட்டார்கள்.

"திருப்பிச் சொல்லு, கோல்மன்."

"அவ வேண்டாம். நாளைக்கு ஊரே வந்து பாக்கும். பிச்சைக்காரி பேரு என் மரத்துல எதுக்கு?"

"உன் ரத்தம்ப்பா."

"யாரு அவ? எனக்குத் தெரியாது. நீயும் எழுதாத, விடு."

சிநேகிதத்தை முறித்துக்கொள்ள மனமில்லாமல் ஊனாவும் விட்டுவிட்டாள்.

ஓயாத கடற்காற்று சட்டென்று நின்றது. ஈரக் கம்பளியும் காய்ச்சல் வேர்வையும் கலந்த வாடை எழுந்தது.

கல்லருகே, மிகத் தாழ்வாக, யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"கோல்மன் கேனவன்," என்றது ஒரு பெண்குரல்.

"ஊனா... நீயா கூப்பிட்ட?"

ஊனா கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவளுக்குப் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. புல் தெரிந்தது.

பின்னாலேயே நின்ற கோல்மன் மட்டும் கண்ணாடியில் தெரியவில்லை.

அவன் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினான், ஊனாவும் பின்னாலேயே. கதவைத் தட்டினான். தோளில் குழந்தையோடு மகள் நோரீன் வந்து திறந்தாள்.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"நோரீன், நான்தாம்மா! அப்பா!"

"ஊனா அத்தை, யாரு இந்தாளு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

ஊனா சொல்ல வாயெடுத்தாள்.

பெயர் வரவில்லை.

கதவு சாத்தப்பட்டது. இரவெல்லாம் தட்டும் சத்தம் கேட்டதாம். விடிந்தபோது வாசற்படியில் ஆளில்லை. ஒருவர் சுருண்டு கிடந்த ஈரத்தடம் மட்டும்.

கோவிலில் பாதிரியார் குழந்தையின் பெயரைக் கேட்டார். "சபீனா," என்றாள் நோரீன். நினைத்து வைத்திருந்தது வேறு பெயர். எப்படி வாயில் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது சுவரோரம் இரண்டு கற்கள். யார் நட்டதென்று எவருக்கும் தெரியாது. ஊனா அடிக்கடி போய்ப் புதுக் கல்லில் வெயிலைத் திருப்புவாள். எழுத்து எழும்பும்போதுதான் பெயர் நாவில் வரும்.

"கோல்மன் கேனவன்," என்று வாசிப்பாள்.

பின்னாலிருந்து, ஒவ்வொரு முறையும், அதே பெண்குரல்.

"யாரு அவன்? எனக்குத் தெரியாது."

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அழைக்க, உள்ளே எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும்.