அப்பா முதுகில் ரசம்

அப்பாவின் பையைத் திறந்ததும் குப்பென்று ரசம் வாசனை அடித்தது.

"மறுபடியுமா!" என்று கத்தினாள் ஷர்மினி.

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. வீட்டில் பை கழுவுவது அவள் வேலை.

அப்பா குணாளன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தினமும் ரேசிங் சைக்கிளில் போவார். அதைக் குனிந்து, ஏறக்குறையப் படுத்தபடிதான் ஓட்ட வேண்டும். முதுகிலிருக்கும் பையும் அவரோடு சேர்ந்து படுத்துவிடும். உள்ளே இருக்கும் அடுக்குப் பாத்திரம் மட்டும் நிமிர்ந்தா நிற்கும்? சோறும் ரசமும் பைக்குள் கொட்டிவிடும்.

அம்மா ரசத்தைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டும் பார்த்தார். முதல் நாளே பை வெடித்தது.

"அப்போ மத்தியானம் என்னப்பா சாப்பிட்டீங்க?"

"வாழைப்பழம்லா" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஷர்மினிக்கு எரிச்சலாக வந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க அப்பா விரதம் இருக்கிறார். வெளியில் சமைத்த எதையும் தொடமாட்டார். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மூன்று வாரமும் வாழைப்பழமா?

"சைக்கிள மாத்துங்கப்பா. ஆ மெங் அங்கிள் கடையில டூரிங் சைக்கிள் இருக்கு. கேரியர், மட்கார்டு எல்லாம் இருக்கு."

"அதுவா? மூட்டை தூக்குற சைக்கிள்!"

"உங்ககிட்டதான் தினமும் மூட்டை இருக்கே!"

"இதுல பதினெட்டு நிமிஷத்துல போறேன். அதுல போனா ஆமைகூட என்னை முந்திடும்."

"சட்டை முதுகுல சேறு. பையில ரசம். வயித்துல ஒண்ணும் இல்ல. பதினெட்டு நிமிஷமாம்!" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

சனிக்கிழமை ஷர்மினி சைக்கிள் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஆ மெங் அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பாக்காய் டூலு, முதல்ல ஓட்டிப் பாரு" என்று அந்த டூரிங் சைக்கிளை அவள் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் ஷர்மினி இரண்டு அடுக்குப் பாத்திரங்களை நிரப்பினாள். இரண்டிலும் சோறு, ரசம், பாயசம்.

"நம்ம தாமானை மூணு சுத்து. அப்பா ரேசிங்ல, அம்மா டூரிங்ல. வந்ததும் அவங்கவங்க கொண்டு வந்ததை அவங்கவங்களே சாப்பிடணும். அவ்வளவுதான் ரூல்."

"ஷாமளா, உனக்கு ஒரு சுத்து விட்டுத் தரட்டுமா?" என்று அம்மாவைச் சீண்டினார் அப்பா.

"முதல்ல ஓட்டுங்க!"

அப்பா பறந்தார். அந்தத் தாமான் குடியிருப்பில் தெருவுக்கு இரண்டு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவர் பை துள்ளியது. காலையில் பெய்த மழையின் தண்ணீர் சக்கரத்திலிருந்து தெறித்து அவர் முதுகில் கோடு போட்டது.

முதலில் வந்தவர் அப்பாதான். "பார்த்தியா!" என்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

ரொம்ப நேரம் கழித்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நின்று பேசிவிட்டு, அம்மா வந்து சேர்ந்தார். கேரியரில் கட்டியிருந்த பாத்திரம் ஆடவே இல்லை.

ஷர்மினி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

அம்மா தட்டில் சோறு சோறாக இருந்தது, ரசம் ரசமாக இருந்தது, பாயசத்தில் முந்திரி மிதந்தது.

அப்பா தட்டில் பாயசச் சோற்றின் மேல் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. பாதி ரசம் பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்பா ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது.

"அலமாக்!"

அம்மா தன் தட்டைப் பாதி தூரம் நகர்த்தினார். அப்பா அதை மீதி தூரம் இழுத்துக்கொண்டார்.

"ரேசிங் சைக்கிள ஞாயித்துக்கிழமை உங்க கூட்டாளிங்களோட ஓட்டுங்கப்பா" என்றாள் ஷர்மினி. "வேலைக்கு மட்டும் இது."

அப்பா வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினார்.

திங்கட்கிழமை மாலை ஷர்மினி பையைத் திறந்தாள். பை காய்ந்திருந்தது. பாத்திரம் காலி.

"இன்னிக்கு இருபத்தொன்பது நிமிஷம்! நாளைக்கு இருபத்தெட்டு, பாரு!" என்று வாசலில் அப்பா டூரிங் சைக்கிளின் கைப்பிடியில் ரேசிங் சைக்கிளிலிருந்து கழற்றிய நேரக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஷர்மினி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு காய்ந்த பையை ஆணியில் மாட்டிவிட்டு விளையாடப் போனாள்.