இது நிக்கட்டும்

குழாயை மூடிய பிறகும் துடிப்பை வரையும் பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

ரபாப் திருகைத் தொட்டுப் பார்த்தாள். இறுக மூடித்தான் இருந்தது. கண்ணாடிக் குழாயின் நுனியில் தொங்கும் எலியின் இதயத்துக்கு வெதுவெதுப்பான உப்புநீர் போவது நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கியிருக்க வேண்டும்.

உதவியாளர் ஷுக்ரி நோன்பு துறக்க வீட்டுக்குக் கிளம்பும்போதே சொன்னார்: "எலிக்கு நோன்பு இல்ல டாக்டர், உங்களுக்கு உண்டு. ரெண்டு பேரீச்சம்பழமாவது வாயில போட்டுக்குங்க." பழங்கள் மேஜையில் அப்படியே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே அலெக்சாந்திரியாவின் தெருக்கள் ஆளின்றிக் கிடக்க, டிராம் சத்தமும் ஓய்ந்துபோக, கூண்டுகளின் ஈர மரத்தூள் வாடைக்குள் அந்தப் பேனாவின் கீறல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் எலிகளிடம் சோதிப்பது ரத்தக்கொதிப்பை ஏற்றும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. ஆறு வாரம் அதைத் தின்ற எலிகளின் இதயம் வீங்கவில்லை. அப்பாவுக்கும் அதே மாத்திரைதான். "எலிக்கெல்லாம் டாக்டர் இருக்கு, எனக்குத்தான் இல்ல," என்று கேலி செய்வார்.

நாற்பது நாளுக்கு முன் இதே நாற்காலியில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கும்மா. வர்றியா?"

"இதயத்தை மாட்டிட்டேன் பாபா. விட்டுட்டு வந்தா ஆறு வார உழைப்பும் பாழ். இது நிக்கட்டும், உடனே வந்துடறேன்."

அன்று உப்புநீர் ஓடிக்கொண்டிருக்க, அது நிற்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று ஷுக்ரி கைதட்டினார். வீட்டுக்குப் போனபோது அப்பாவின் கை சில்லிட்டிருந்தது. பாவி, பெத்தவனைவிட எலியா பெரிசு என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது தாளை இழுத்துப் பார்த்தாள். எலியின் இதயம் நிமிடத்துக்கு முந்நூறு முறை அடிக்கும். இது எழுபது. மூன்று துடிப்பு, ஒரு தடுக்கல். மூன்று துடிப்பு, ஒரு தடுக்கல்.

அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எத்தனையோ முறை கேட்ட துடிப்பு.

கத்தரியால் எலியின் இதயத்தைக் குழாயிலிருந்து வெட்டியெடுத்துப் பனிக்கட்டித் தட்டில் போட்டாள். பேனாவின் கம்பியைப் பிடுங்கினாள்.

பேனா ஓடியது.

கதவை நோக்கி ஓரடி வைத்தாள். துடிப்பு வேகமெடுத்தது. திரும்பி வந்தாள். தணிந்தது.

"நின்னுடு பாபா," அதைக் கையில் ஏந்தி அழுதாள். "நீ நின்னாத்தானே நான் வர முடியும்?"

பனிக்கட்டியில் கிடந்த இதயம் கையில் சுட்டது. மூன்று. தடுக்கல்.

விரல்களை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. அது ஓர் ஆளின் இதயம் அளவுக்கு வளர்ந்திருந்தது.