பென்சில் கடிக்கும் பெண்

"ஆ...ஆ...ஆ!"

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய அந்த அலறல், வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியின் கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே தள்ளியது.

அவர் படியேறி ஓடினார்.

கதவு திறந்தே கிடந்தது.

எழுதும் அறை. ஜன்னலோரம் மேஜை. மேஜை மேல் காகிதக் கட்டு. பீங்கான் குவளை நிறையப் பென்சில்கள்.

தரையில் ஒரு பெண்!

நாற்காலியோடு சாய்ந்து விழுந்திருந்தாள். வாயோரம் நுரை. வலது கையில் இன்னமும் ஒரு பென்சில்.

பக்கத்தில் நின்று அலறியவளைக் காவலாளிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். நாற்பத்தொரு காதல் நாவல்கள். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் கன்னத்தில் கை வைத்துச் சிரிப்பவள்.

விழுந்து கிடந்தவளை அவருக்குச் சரியாகத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அவள் நாவலாசிரியையின் அக்கா.

*

பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.

"உயிர் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா ஊசலாடுது" என்றார் கான்ஸ்டபிள். வயதில் மூத்தவர். தொப்பை முன்னால் வர, பின்னால் வருபவர். "கண்ணுல பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கிப் போச்சாம். பூச்சிமருந்துதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்றார்."

"எதுல கலந்திருந்தாங்க?"

"அதான் மேடம் புரியல. காபி கப் இல்ல, தண்ணி பாட்டில் இல்ல..."

"இதுல." தடயவியல் நிபுணர் இடுக்கியில் ஒரு பென்சிலைத் தூக்கிக் காட்டினார். "பின்பக்கம் மருந்துல ஊறியிருக்கு. பெயின்ட் உப்பியிருக்கு பாருங்க. வாடை இல்லாத ரகம். ஒரு நாள் ஊற வெச்சு, காய வெச்சு, குவளையில போட்டிருக்காங்க."

"பென்சில்லயா? பென்சிலை யாரு வாயில வைப்பாங்க?"

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார்.

"எழுத்தாளரம்மா வைப்பாங்க மேடம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேட்டியில சொல்லியிருக்காங்க. காதல் காட்சி எழுதறப்ப மட்டும் பென்சிலைக் கடிப்பாங்களாம். சண்டைக் காட்சிக்குக் கடிக்க மாட்டாங்களாம்." அவர் முகம் லேசாகச் சிவந்தது. "எங்க வீட்டுல... என் சம்சாரம் படிப்பா."

"சம்சாரம் படிப்பாங்க. சரி. உங்க பாக்கெட்ல துருத்திக்கிட்டிருக்கிறது என்ன?"

கான்ஸ்டபிள் அவசரமாகப் பாக்கெட்டின் பட்டனைப் போட்டார். பின்னட்டைச் சிரிப்பு பாதி உள்ளே போனது.

*

ஹாலில் நாவலாசிரியை சோபாவின் ஓரத்தில் இருந்தாள். கைக்குட்டை நனைந்திருந்தது. நீண்ட ரோஸ் நிற நகங்கள். அழும்போதும் வரிசை கலையாத வெள்ளைப் பற்கள்.

"எனக்கு வெச்ச விஷம் மேடம்! எனக்கு வெச்சது! பாவம், எங்க அக்கா மாட்டிக்கிட்டா..."

"யாரு வெச்சிருப்பாங்க?"

"வேற யாரு? பக்கத்துத் தெருவில இருக்காளே ஒருத்தி, மாசத்துக்கு ரெண்டு நாவல் எழுதித் தள்ளுவாளே... அவதான்! போன வாரம் நலம் விசாரிக்கற மாதிரி வந்தா. நான் போன்ல பேசிட்டிருந்தப்ப அந்த ரூம்ல தனியா இருந்தா."

"கொல்ற அளவுக்கா?"

"பொறாமை மேடம்!" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொறாமைன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவ எழுதின வரியை யாரோ படிச்சுட்டு அழறப்ப, நம்ம தொண்டையில முள் மாட்டின மாதிரி இருக்கும். முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அவ சும்மா ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருந்தாக்கூட வயிறு எரியும். 'இப்ப என்ன வரி வந்துச்சோ'ன்னு தோணும். அந்தக் கையைப் பார்த்தாலே..."

சட்டென்று நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டரின் பேனாவும் நின்றது.

"அவங்க பொறாமையை ரொம்ப நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

"எழுத்தாளர் இல்லையா மேடம்..."

"உண்மைதான். உங்க அக்கா உங்க மேஜையில என்ன பண்ணாங்க?"

"ப்ரூஃப் பார்ப்பா. எழுத்துப்பிழை திருத்துவா. அவ்வளவுதான். ரொம்பக் கூச்சம். காலிங் பெல் அடிச்சா உள்ள ஓடிருவா. எங்கயும் வரமாட்டா. திருத்தறப்ப என் பென்சில் ஒண்ணை யோசனையா வாயில வெச்சிருக்கணும்."

"இப்ப எழுதற நாவல் எந்த அளவுல இருக்கு?"

"ஆறு அத்தியாயம் ஆச்சு."

"முடிவு சோகமா, சுபமா? எங்க கான்ஸ்டபிள் ஆவலா இருக்கார்."

"மேடம்!" என்றார் கான்ஸ்டபிள்.

"முடிவா?" நாவலாசிரியையின் கை, தானாகக் கன்னத்துக்குப் போனது. "அது இன்னும் எனக்கே தெரியாது. கதாநாயகி எங்க கூட்டிட்டுப் போறாளோ, அங்க நான் போவேன். முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு என்னால எழுதவே முடியாது மேடம்."

பின்னட்டைப் படத்தில் இருந்த அதே கோணம்!

*

எழுதும் அறைக்குத் திரும்பினார்கள்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் பொடி எழுத்து.

'இவன் இடது கைக்காரன். கோபம் வந்தால் சட்டைக் கையை மடிப்பான்.'

'அவள் பொய் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்ப்பாள்.'

'முத்தத்துக்கு முன்னால் யாராவது கதவைத் தட்ட வேண்டும்.'

"பதினாலாவது நாவல்ல தட்டுவாங்க மேடம்!" கான்ஸ்டபிள் பரவசமானார். "பால்காரர்!"

"கொலை முயற்சி கேஸ்... ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு குவளையைக் காகிதத்தில் கவிழ்த்தாள். இருபத்து மூன்று பென்சில்கள். அத்தனையும் கடிபட்டிருந்தன.

"இவ்வளவு காதலா!" என்றார் கான்ஸ்டபிள்.

தடயவியல் நிபுணரின் லென்ஸை வாங்கி ஒன்றொன்றாகப் பார்த்தாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பள்ளம். நடுவில் பல்லே படாத ஒரு மேடு. எல்லாப் பென்சிலிலும் அதே மேடு.

"அண்ணே, எழுத்தாளரம்மா பல்லு எப்படி இருக்கும்?"

"ஷோகேஸ்ல அடுக்கின மாதிரி இருக்கும் மேடம். நடுவுல ஒரு நூல் நுழையாது."

"அப்போ இதைக் கடிச்சது யாரு?"

கான்ஸ்டபிளின் வாய் திறந்தது. மூடவில்லை.

இன்ஸ்பெக்டர் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் பேசினாள்.

"இன்னும் மயக்கமாத்தான் இருக்காங்க மேடம். மருந்து ஏறிட்டிருக்கு. சாயந்திரம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

"அவங்க முன்பல்லைப் பார்த்தீங்களா?"

"தொண்டையில குழாய் போடறப்ப பார்த்தேன். நடுவுல நல்ல இடைவெளி. ஏன் மேடம்?"

"வலது கை நடுவிரல் எப்படி இருக்கு?"

நர்ஸ் கட்டிலருகே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பட்டாணி அளவுக்குக் காய்ப்பு இருக்கு. உள்ளங்கை ஓரமெல்லாம் பென்சில் கரி. துடைச்சுத் துடைச்சுப் பார்த்தோம், போகல. இவங்க என்ன ஸ்கூல் டீச்சரா?"

"இல்லம்மா." இன்ஸ்பெக்டர் குரல் தாழ்ந்தது. "நாற்பத்தொரு நாவல் எழுதினவங்க."

*

மேஜையின் அடி இழுப்பறையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் இன்னொரு காகிதக் கட்டு.

மேல் தாளில்: 'அத்தியாயம் இருபத்து நான்கு. முற்றும்.' மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

அடியில் பழைய நாவல்களின் கையெழுத்துப் பிரதிகள். இன்ஸ்பெக்டர் தேதிகளைப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்துக்குத்தான் முதல் தேதி!

அப்போதுதான் பதிப்பாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு? அய்யோ, முந்தாநாள்தான் என்கிட்ட பேசினாங்க! பதினோரு வருஷத்துல முதல் தடவையா!"

"என்ன பேசினாங்க?"

"இந்த நாவல் அவங்க பேர்ல வரணும்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'ப்ரூஃப்தானே பார்க்கறீங்க'ன்னேன். அதுக்கு, கடைசி அத்தியாயத்தோட கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே சொன்னாங்க..." பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அழுதுட்டேன் மேடம். அவ்வளவு மெல்லிசான குரல்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அன்னைக்கே தங்கச்சியம்மாகிட்ட கேட்டேன். 'அவ வேடிக்கைக்குச் சொல்றா'ன்னு சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க..."

*

"வாங்க, இப்படி உக்காருங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

நாவலாசிரியை எழுதும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். தன்னுடைய மேஜையைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"உங்க நாவலோட கடைசி அத்தியாயம் கிடைச்சிருச்சு."

"எ... என்னது?"

"எழுதி மூணு வாரம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா? உங்க அக்கா எப்பவும் முடிவைத்தான் முதல்ல எழுதுவாங்க. பதினோரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கீங்க. அவங்க எப்படி எழுதறாங்கன்னு உள்ள வந்து ஒரு தடவைகூடப் பார்க்கல. வாசல்ல நின்னு பார்த்திருக்கீங்க. பென்சிலைக் கடிக்கறது மட்டும் தெரிஞ்சுது. பேட்டியில கேட்டப்ப, அதையே உங்க பழக்கம்னு சொல்லிட்டீங்க."

"பொய்! அந்தப் பக்கத்துத் தெருவுக்காரி..."

"அவங்க வந்தது போன வாரம். போன வாரம் வெச்ச விஷம்னா, போன வாரமே உங்க அக்கா விழுந்திருப்பாங்க. காதல் காட்சி வந்தா ஒரு பென்சிலையும் விடாதவங்க! தவிர, பேட்டியை நம்பறவங்க விஷம் வெச்சா அது உங்களுக்குத்தான் வெச்சதா இருக்கும். உங்க அக்காதான் கடிப்பாங்கன்னு உலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும்."

கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

நாவலாசிரியை அதைப் பார்த்தாள்.

கான்ஸ்டபிள் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"அம்மா..." என்றார் அவர். "நாற்பத்தொண்ணுல ஒண்ணுகூட நீங்க எழுதலையா?"

"எழுதறதா?" அவள் சிரித்தாள். அழகான, வரிசையான சிரிப்பு. "எல்லாத்தையும் படிச்சதுகூட இல்ல!"

பிறகு அவள் கண்கள் நிரம்பின. இந்த முறை கைக்குட்டையைத் தேடவில்லை.

"மொத நாவலை அவதான் என் பேர்ல அனுப்பச் சொன்னா. 'எனக்குப் போட்டோன்னா பயம்டி, நீ நில்லு'ன்னா. நின்னேன். மேடை, மாலை, கைதட்டல்... எல்லாம் எனக்குத்தான். ஆனா ஒருத்தியாவது வந்து என் கையைப் பிடிச்சுட்டு, 'இந்த வரி உங்களுக்கு எப்படித் தோணுச்சு'ன்னு கேப்பா. எந்த நாவல்னே எனக்குத் தெரியாது. சிரிப்பேன். அத்தனை அன்பும் அவளுக்கு வந்தது மேடம்! நான் வெறும் தபால்பெட்டி! வீட்டுக்கு வந்தா, அவ பாட்டுக்குப் பாத்திரம் கழுவிட்டிருப்பா... அதே கையால."

"அதைக்கூடப் பதினோரு வருஷம் தாங்கினீங்க."

"ஏன்னா அவ யாருமில்ல! ஊருக்கு அவ யாருமில்ல! அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அவ பேரும் வந்துட்டா... அப்புறம் நான் யாரு மேடம்?"

கான்ஸ்டபிள் பாக்கெட்டைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையை ஒரு முறை பார்த்தார். அட்டையைப் பின்பக்கமாக மடித்து உள்ளே வைத்தார்.

*

மாலை ஐந்தரை. காவல் நிலையம்.

"நடந்ததை உங்க கைப்பட எழுதிக் கொடுங்க" என்று இன்ஸ்பெக்டர் நான்கு வெள்ளைத் தாள்களைக் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நாவலாசிரியை பேனாவைப் பிடித்திருந்தாள். ரோஸ் நகங்கள் இடித்தன. முதல் தாளில் 'நான்' என்று இருந்தது. அடித்திருந்தது. இரண்டாவது தாளில் மறுபடி 'நான்'. அதையும் அடித்திருந்தது. மூன்றும் நான்கும் வெள்ளையாகவே இருந்தன.

போன் அடித்தது.

கான்ஸ்டபிள் எடுத்தார். கேட்டார். முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"மேடம், அக்கா கண்ணு முழிச்சுட்டாங்களாம்! டாக்டர் 'பொழைச்சுட்டாங்க'ன்னுட்டார். குழாயை எடுத்ததும் அவங்க கேட்ட மொத விஷயம் என்ன தெரியுமா? ஏழாவது அத்தியாயம் பாதியில நிக்குதாம். பேப்பர் வேணுமாம்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து, காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். எதிரே, 'பேப்பர்' என்ற வார்த்தைக்கு நாவலாசிரியையின் தாடை இறுகியது. அந்த நிலையிலும்!

"இங்க இன்னும் ஒரு வரி தேறல அண்ணே" என்றாள் இன்ஸ்பெக்டர், வெள்ளைத் தாள்களைக் காட்டி.

கான்ஸ்டபிள் அவற்றைப் பொறுக்கி ஒழுங்காக அடுக்கினார்.

"அதுக்கென்ன மேடம்? வாக்குமூலத்தையும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடுவோம். அக்கா எழுதிடட்டும்... தங்கச்சி வழக்கம்போல கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்!"